கொதிக்க வைக்கச் சொல்லாத வரி

காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. குளிர் உடம்பைத் தூக்கிப்போடுகிறது. பக்கத்தில் வைத்தியர் இல்லை. என்ன செய்யலாம்?

ஒரு சிலந்தியைப் பிடித்து நாணல் குழாய்க்குள் போட்டு, வாயை இறுக அடைத்து, கழுத்தில் கட்டிக்கொள்ளலாம். காய்ச்சல் வரும் வேளை கடந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். அல்லது, காய்ச்சல் முறை வரும் நாளில் ஒரு சேவலை அணைத்துக்கொண்டு அதைச் சத்தமாகக் கூவவைக்கலாம். அல்லது, நச்சு மிகுந்த ஒரு கிழங்கை இடித்துச் சலித்துக் காடியில் குழைத்து முதுகில் பூசலாம். அல்லது, சிங்ஹாவ் என்ற செடியில் ஒரு பிடி எடுத்து இரண்டு ஷெங் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, வந்த சாறு முழுவதையும் குடித்துவிடலாம்.

இவையெல்லாம் ஒரே நூலின் ஒரே அத்தியாயத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. எழுதியவர் கெ ஹொங். சீனாவின் ஜின் வம்சக் காலத்தவர், கி.பி. நான்காம் நூற்றாண்டின் முற்பகுதி. நூலின் பெயரில் ‘முழங்கைக்குப் பின்னால்’ என்று ஒரு சொல் வரும். அன்றைய சீன உடையின் அகலமான கைக்குள் செருகிக்கொண்டு போகத்தக்க அவசர வைத்தியக் கையேடு என்று பொருள். நம்மூரில் மடியில் முடிந்துகொண்டு போவது என்போமே, அது மாதிரி.

விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு மட்டும் அதில் 40க்கும் மேற்பட்ட வைத்தியங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 2015ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வரைக்கும் போனது. சிலந்தி அதே இடத்தில் நின்றுவிட்டது. எது போகும், எது நிற்கும் என்று அந்தப் பக்கத்தைப் படிக்கிற ஒருவரால் சொல்லியிருக்க முடியுமா? சில வருடங்களாக இந்தக் கேள்விதான் என்னைச் சீன அறிவியல் வரலாற்று நூல்களின் பின்னால் அலையவைத்துக்கொண்டிருக்கிறது. சீன மொழி எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்புகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அகராதிகளையும் வைத்துக்கொண்டு, தடவித் தடவிப் படிக்கிற வாசகன் நான்.

*

சீனாவுடன் எனக்கு இருக்கும் தொடர்பு ஒன்றே ஒன்றுதான். அது ரத்தத்தில் நடந்தது.

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் மின்கோபுரப் பாதைக்கான நில அளவை வேலையில் இருந்தேன். ஆகஸ்ட் மாதம், விடாத மழை. இரண்டு நாள் உடம்பு வலித்தது, மூன்றாம் நாள் குளிர் வந்தது. நான்காம் நாள் என்னிடம் பேசியவர்களுக்கு நான் தமிழில் பதில் சொன்னேனாம். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஜீப்பில் போட்டு ஒரு சின்ன அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். பிளாஸ்டிக் பட்டையில் கோடு விழுந்தது. ஃபால்சிபாரம் மலேரியா, மூளையைத் தொடுகிற வகை.

நர்ஸ் ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். உள்ளே மாவு மாதிரி வெள்ளைப் பொடி. இன்னொரு கண்ணாடிக் குப்பியை உடைத்து அதிலிருந்த திரவத்தை இதற்குள் ஏற்றிக் குலுக்கினார். கலங்கித் தெளிந்தது. அதில் சலைன் சேர்த்து நரம்பில் ஏற்றினார். பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும், அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும். மூன்றாவது ஊசிக்குப் பிறகு கூரையில் ஓடிய பல்லியைப் பல்லி என்று அடையாளம் கண்டேன். குப்பியின் மேல் எழுதியிருந்ததையும் அப்போதுதான் படித்தேன்: ஆர்ட்டிசுனேட்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன், எட்டு வயது இருக்கலாம். அவனுக்கும் அதே குப்பி, அதே பொடி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. ஊசி ஏற்ற வரும்போதெல்லாம் நர்ஸ் அந்தத் தாயத்தைப் பக்குவமாக ஒதுக்கிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். கழற்றச் சொல்லவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். ஊருக்குப் போகும்போது அவன் அம்மா நர்ஸைக் கும்பிட்டார், பிறகு தாயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கெ ஹொங்கின் அத்தியாயத்தை முதன்முதலில் ஆங்கிலத்தில் படித்தபோது, கழுத்தில் தொங்கும் சிலந்திக் குழாயைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கறுப்புக் கயிறுதான் நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பிய பிறகு ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். பங்களாதேஷ், மியான்மர், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் கடும் மலேரியாவுடன் வந்த 1,461 நோயாளிகளைப் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குயினைனும் மறு பாதிக்கு ஆர்ட்டிசுனேட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2005இல் வெளியானது. குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். அதாவது நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாக உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த ஏழு பேரில் ஒருவனா நான், இல்லை எந்த மருந்தானாலும் பிழைத்திருப்பேனா என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. அந்த ஏழு என்ற எண் மட்டும் எனக்குள்ளே உட்கார்ந்துவிட்டது. இது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

*

வந்த இடம் ஒரு போர்.

1960களில் வட வியத்நாம் வீரர்கள் காடுகளில் குண்டுகளோடு மலேரியாவுக்கும் இரையாகிக்கொண்டிருந்தார்கள். அதுவரை கைகொடுத்த குளோரோகுயின் மருந்துக்குக் கிருமி பணிய மறுத்தது. வட வியத்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. 1967 மே 23ஆம் தேதி பெய்ஜிங்கில் ஒரு கூட்டம் நடந்தது. அந்தத் தேதியே ரகசியத் திட்டத்தின் பெயராகிவிட்டது: திட்டம் 523. மறுபக்கம் அமெரிக்க ராணுவமும் இதே நோய்க்காக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைச் சோதித்துக்கொண்டிருந்தது.

அது கலாச்சாரப் புரட்சிக் காலம். பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. படித்தவர்கள் வயலுக்கும் விசாரணைக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்த நேரத்தில், 1969 ஜனவரியில், பெய்ஜிங்கின் பாரம்பரிய மருத்துவக் கழகத்தில் வேலை செய்த தூ யூயூ என்ற 38 வயதுப் பெண்ணிடம் ஒரு குழுவின் பொறுப்பு கொடுக்கப்பட்டது. மருந்தியல் படித்தவர், முனைவர் பட்டம் இல்லாதவர். கணவர் ஏற்கெனவே கிராமப்புறத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். மூத்த மகளை ஒரு விடுதிப் பள்ளியிலும், இளைய மகளை நிங்போவில் தன் பெற்றோரிடமும் விட்டுவிட்டு, மலேரியாவைப் பார்க்க ஹைனான் தீவுக்குப் போனார். பிறகு ஒருமுறை மகளைப் பார்க்கப் போனபோது, குழந்தைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை.

தூ யூயூவின் குழு பழைய நூல்களைத் தோண்டியது, வயதான வைத்தியர்களைத் தேடிப்போய்க் கேட்டது. சுமார் 2,000 வைத்தியக் குறிப்புகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து 640ஐப் பொறுக்கிச் சிறு தொகுப்பாக்கினார்கள். சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகள் எடுக்கப்பட்டு எலிகளுக்குக் கொடுக்கப்பட்டன. சிங்ஹாவ் சாறு ஒருமுறை 68 சதவீதம் கிருமியை அடக்கியது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மறுபடி செய்தால் 40 சதவீதம், இன்னொருமுறை 12 சதவீதம். ஒரு நாள் மருந்தாகவும் மறுநாள் வெறும் பச்சைத் தண்ணீராகவும் இருக்கிற செடியை யார் நம்புவார்கள்?

அப்போதுதான் தூ யூயூ கெ ஹொங்கின் வரிக்குத் திரும்பிப் போகிறார். அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்: அந்த வரியில் சூடு இல்லை என்பது அவருக்குத் தட்டுப்பட்டது. சீன வைத்தியத்தில் பெரும்பாலான மூலிகைகள் அடுப்பில் ஏறும், கொதிக்கும், வற்றும். கெ ஹொங் இதை மட்டும் ஊறவை, பிழி, குடி என்கிறார். அப்படியானால் செடிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று சூட்டில் செத்துப்போகிறதோ?

சாராயத்துக்குப் பதிலாக ஈதரைப் பயன்படுத்தினார்கள். அது சுமார் 35 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், செடி சூடு காணாது. இலையை மட்டும் எடுத்துக்கொண்டு, சாற்றில் இருந்த நச்சுத்தன்மை உள்ள அமிலப் பகுதியை நீக்கினார்கள். 1971 அக்டோபர் 4ஆம் தேதி, 191 என்று எண்ணிட்ட சாறு எலிகளின் ரத்தத்திலிருந்து கிருமியை முழுவதுமாகத் துடைத்தது. பிறகு குரங்குகளிலும் அதே முடிவு.

மருந்து ஆலைகள் முடங்கிக் கிடந்த காலம். பெரிய தண்ணீர்த் தொட்டிகளில் செடியை ஊறவைத்தார்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் ஈதர் ஆவி. குழுவில் பலருக்கு உடம்பு கெட்டது, தூ யூயூவுக்கு ஈரலில் அழற்சி வந்தது. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் யாராவது குடித்துப் பார்க்க வேண்டுமே! 1972 ஜூலையில் அவரும் இரண்டு சக ஊழியர்களும் மருத்துவமனையில் சேர்ந்து, கண்காணிப்பில் இருந்தபடி அதைச் சாப்பிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகே ஹைனானில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

*

இதுவரை சொன்னது எல்லோரும் சொல்லும் கதை. நல்ல கதைதான். ஆனால் வரலாற்றாசிரியர்கள் கைவைத்தால் அதன் தையல்கள் தெரிய ஆரம்பிக்கின்றன. எனக்குப் பிடித்த பகுதியே அங்கேதான் இருக்கிறது.

முதலில் நூல். கெ ஹொங் எழுதியது அப்படியே நம் கைக்கு வரவில்லை. கி.பி. 500 வாக்கில் தாவ் ஹொங்ஜிங் அதில் சேர்த்தார். 12ஆம் நூற்றாண்டில் இன்னொருவர் சேர்த்தார். நம் ஏட்டுச்சுவடிகளைப் போலவேதான், பிரதி எடுத்தவர் கையும் அதில் இருக்கிறது.

இரண்டாவது செடி. 1973இல் சாங்ஷா நகரின் மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை. உள்ளே பட்டுத் துணியில் எழுதிய வைத்திய நூல் ஒன்று கிடைத்தது. 52 நோய்களுக்கான மருந்துகள். அதிலும் சிங்ஹாவ் இருக்கிறது. எதற்கு? மூலநோய்க்கு! கெ ஹொங்குக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செடி வைத்தியத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் வேறு வாசல் வழியாக. பிறகு 11ஆம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற பேரறிஞர், இந்தச் செடியில் மஞ்சள் ஓடியது ஒன்று, கரும்பச்சையானது ஒன்று என்று இரண்டு வகை இருப்பதைக் கவனித்து எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் லி ஷிஜென் தன் மாபெரும் மூலிகை நூலில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு கொடுத்தார். இன்றைய தாவரவியல் சிங்ஹாவ் என்ற பெயரை ஒரு செடிக்குச் சூட்டியது, மருந்துப்பொருளோ மற்றதில், மஞ்சள்பூ ஹாவ் என்று பெயரிடப்பட்டதில் இருக்கிறது. பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் சோதனைச்சாலையில் வெறும் செடிதான் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது நோய். கெ ஹொங் பயன்படுத்தும் சொல் ‘ந்யுவே’. அதை மலேரியா என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கொசுவும் ஒட்டுண்ணியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெரியவந்த விஷயங்கள். கெ ஹொங் கண்டது குளிர், சூடு, இடைவெளி, மறுபடி குளிர். தமிழில் நமக்கு இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: முறைக்காய்ச்சல். முறைக்காய்ச்சல்களில் பல மலேரியாவாக இருக்கும், சில வேறு ஏதாவதாக இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பைவிட நம் சொல் கெ ஹொங்குக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நான்காவது, கண்டுபிடித்தவர் யார்? 1970இல் தூ யூயூவின் குழுவில் இருந்த யூ யாகாங் பழைய நூல்களை அலசி சிங்ஹாவைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். 1972இல் படிகமாகப் பிரித்தெடுத்தவர்களில் ஜொங் யூரோங்கின் கை முக்கியமானது. யுன்னானில் லுவோ ஜெயுவான் தனியாகவும், ஷான்டோங்கில் வேறொரு குழு தனியாகவும் அதே பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மூன்று இடங்களில் மூன்று பெயர். மூளை மலேரியாவுக்கு அதைக் கொடுத்துக் காட்டியவர் குவாங்ஜோவின் லி குவோசியாவோ. என் நரம்பில் ஏறிய ஆர்ட்டிசுனேட்டை 1977இல் உருவாக்கியவர் குய்லின் நகர மருந்து ஆலையில் இருந்த லியூ ஷூ. அதே ஆண்டு மருந்தின் வேதியமைப்பு வெளியானபோது கட்டுரையில் தனிநபர் பெயர் ஒன்றுகூட இல்லை. ‘கூட்டுக் குழு’ என்று மட்டும் இருந்தது. 2011இல் லாஸ்கர் விருது, 2015இல் நோபல் என்று தூ யூயூவின் பெயர் வெளியே வந்ததும் சீனாவிலேயே பெரிய விவாதம் எழுந்தது. என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தத் திருப்பம் தூ யூயூவின் தலைமையில்தான் வந்தது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கைகள் இருந்தன.

கடைசியாக ஒன்று. தூ யூயூ ஈதரைப் பயன்படுத்தினார், கெ ஹொங்கிடம் இருந்ததோ தண்ணீர். ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் எளிதில் கரையாது. அப்படியானால் கெ ஹொங்கின் சாறு வேலை செய்திருக்குமா? ஆக்ஸ்ஃபோர்டின் மானுடவியலாளர் எலிசபெத் ஷூ இந்தக் கேள்வியை விடவில்லை. அந்த வரியில் உள்ள வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து யோசித்தார். முழுச் செடியை ஊறவைத்து முறுக்கிப் பிழிந்தால் வெறும் தண்ணீர் வராது, செடியின் எண்ணெய்ப் பசையும் கலந்த கலங்கல் வரும், அதில் மருந்து இருக்கலாம் என்றார். பிறகு அவரும் இடம்பெற்ற ஒரு குழு உண்மையிலேயே பச்சைச் செடியை ஊறவைத்துப் பிழிந்தும், இடித்துப் பிழிந்தும் பார்த்தது. 2010இல் முடிவை வெளியிட்டார்கள். தேநீர்போலப் போட்டு எடுத்ததைவிட, பிழிந்த சாற்றில் ஆர்ட்டிமிசினின் பல மடங்கு அதிகம்.

எல்லாமே ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. ‘பிழி’.

*

என் தாய்மாமா திண்டுக்கல்லில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். நான் காய்ச்சலில் கிடந்து மீண்டவன் என்பதால் இந்தக் கதையில் அவருக்கு அக்கறை அதிகம். முதல்முறை சொன்னபோது மேசையைத் தட்டினார்.

“பாத்தியாடா! எல்லாம் பழைய வைத்தியத்துலயே இருக்கு. வெள்ளைக்காரன் பேரு மாத்தி பாக்கெட்டுல போட்டு விக்கிறான்.”

“வெள்ளைக்காரன் இல்ல மாமா, சீனாக்காரங்க.”

“யாரா இருந்தா என்ன. அந்தச் செடி இங்க கெடைக்குமா?”

“நம்ம மரிக்கொழுந்து இருக்குல்ல, அதுவும் அதே இனம்தான். ஆனா அதுல இந்த மருந்து கெடையாது. அந்தச் செடியே வேற.”

“சரி, அந்தச் செடியே வாங்கி காயவச்சு கஷாயம் போட்டுக் குடுத்தா?”

“கஷாயம் போட்டா போச்சு மாமா!”

அவர் சட்டென்று அமைதியானார். நான் வரியைச் சொன்னேன்: ஒரு பிடி, ஊறல், பிழிதல். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அடுப்புல வைக்கிற மருந்துன்னா எத்தனை படி தண்ணி, எத்தனை பங்கா வத்தணும்னு எழுதாம இருக்கமாட்டாங்க. எட்டுக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணுன்னு கணக்கு வரும். இதுல அது இல்ல. அப்ப அந்த ஆளு வேணும்னேதான் அடுப்பை விட்டிருக்கான்.”

நான் பல கட்டுரைகள் படித்து வந்து சேர்ந்த இடத்துக்கு மாமா கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே வந்துவிட்டார். கஷாயத்துக்கும் சாறுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் அறிந்தவர் அவர். தூ யூயூவும் அப்படித்தான். 1959இல் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் பாரம்பரிய மருத்துவப் பயிற்சி எடுத்தவர். வழக்கமாக இருக்க வேண்டிய ஒன்று ஒரு வரியில் இல்லையென்றால், அந்த வழக்கம் பழகியவருக்குத்தான் அது தெரியும்.

ஆனால் மாமாவிடம் மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. பிழிந்த சாற்றில் மருந்து எவ்வளவு என்பது செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். குறைந்த அளவு உள்ளே போனால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். அதனால்தான் இந்தச் செடியை இலையாகவோ தேநீராகவோ மலேரியாவுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் ஏற்பதில்லை. ஆர்ட்டிமிசினின் மாத்திரையைத் தனியாகக்கூட விற்காதீர்கள், கூட்டு மருந்தாகவே கொடுங்கள் என்று அது 2006இல் மருந்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அப்படியும் கம்போடியாவின் மேற்கு எல்லையில் மருந்துக்கு மெதுவாகப் பணியும் கிருமிகள் தோன்றிவிட்டன. பிறகு ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் கண்டுபிடிக்கப்பட்டன.

“அப்ப அவங்க எழுதுனது தப்பா?” என்றார் மாமா.

“தப்பில்ல மாமா. அவரு எழுதுனது ஒருத்தன் இன்னைக்கு ராத்திரி பொழைக்கறதுக்கு.”

*

மாமாவின் முதல் வாசிப்பு நமக்கெல்லாம் பழக்கமானது. எல்லாம் முன்னோர்களிடம் இருந்தது. கெ ஹொங்கின் இதே நூலில், வெறிநாய் கடித்தால் அந்த நாயைக் கொன்று அதன் மூளையைக் காயத்தில் பூசு என்று ஒரு குறிப்பு வருகிறது. பாஸ்டருக்கு 1,500 ஆண்டுகளுக்கு முன்பே தடுப்பூசித் தத்துவம் என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கொண்டாடுகிறவர்கள் சேவலைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

எதிர்ப்பக்க வாசிப்பும் உண்டு. மருத்துவம் படித்த நண்பன் சொன்னான்: “நாப்பது கல்லு எறிஞ்சா ஒண்ணு படத்தான்டா செய்யும்.” அவனும் சேவலை மட்டும்தான் பார்க்கிறான். அதே அத்தியாயத்தில் சாங்ஷான் என்ற வேர் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் மலேரியாவைக் கொல்லும் சரக்கு இருப்பதை 1940களில் சீன ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். வாந்தி தாங்க முடியாததால் அது மருந்தாகவில்லை. ஆக, எறிந்த கற்களில் இரண்டாவது பட்டிருக்கிறது. குருட்டுக் கை அப்படி எறியாது.

இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவில்தான் ஜோசப் நீதம் தன் வாழ்க்கையைச் செலவழித்தார். கேம்பிரிட்ஜின் உயிர்வேதியியலாளர். 1937இல் அங்கே ஆராய்ச்சிக்கு வந்த லூ க்வெய்-ஜென்னிடம் சீன எழுத்துகளைக் கற்க ஆரம்பித்தார். போர்க்காலத்தில், 1943 முதல், சோங்கிங்கில் இருந்தபடி சீனா முழுக்க அலைந்து நூல்களைச் சேர்த்தார். 1954இல் ‘சீனாவில் அறிவியலும் நாகரிகமும்’ நூலின் முதல் தொகுதி வந்தது. அவர் 1995இல் இறந்த பிறகும் தொகுதிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவருடைய கேள்வி புகழ்பெற்றது: காகிதம், அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி எல்லாம் கண்ட சீனாவில் நவீன அறிவியல் ஏன் பிறக்கவில்லை?

அமெரிக்க ஆய்வாளர் நேதன் சிவின் இந்தக் கேள்வியையே மடக்கினார். நடக்காத ஒன்று ஏன் நடக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தால், நடந்ததைப் பார்க்காமல் விட்டுவிடுவோம் என்பது அவர் வாதத்தின் சாரம். கெ ஹொங்கைப் படித்த பிறகு நான் சிவின் பக்கம் சாய்ந்துவிட்டேன். ‘இவர் ஏன் ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுக்கவில்லை?’ என்று கேட்டால் கெ ஹொங் தோற்றுப்போன விஞ்ஞானியாகத் தெரிவார். ‘இவர் இதை யாருக்காக எழுதினார்?’ என்று கேட்டால் வேறொருவர் தெரிகிறார். முன்னுரையில் அவரே சொல்கிறார்: மற்ற வைத்திய நூல்கள் விலை உயர்ந்த சரக்குகளைக் கேட்கின்றன, ஏழைகளுக்கு அவை எட்டாது. ஆகவே எங்கும் கிடைப்பதை, மலிவானதை அவர் தொகுத்தார். சாகா மருந்து தேடித் தெற்கே மலைக்குப் போன ரசவாதி, வழியோரம் காய்ச்சலில் கிடப்பவர்களுக்காக எழுதிய நூல் இது. சிலந்தியும் செடியும் ஒரே வரிசையில் நிற்பது அதனால்தான். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு முன்னால் எந்தத் தாயும் இரண்டையும் பிரித்துவைக்கமாட்டாள்.

அதற்காக நீதமை என்னால் ஒதுக்கவும் முடியவில்லை. அவர் அலைந்து சேர்க்காமல் இருந்தால், சீன மொழி தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு எடுத்துப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. அந்த முதல் தொகுதியை அவர் எந்த அரசருக்கும் அறிஞருக்கும் சமர்ப்பிக்கவில்லை. லூ க்வெய்-ஜென்னின் அப்பாவுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். அவர் நான்ஜிங் நகரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். இதை மாமாவிடம் சொன்னேன். “கடைக்காரருக்கா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

*

பழைய நூலைப் படிக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிலந்தி பொய், செடி மெய் என்று சொல்லிவிட முடியாது. இன்று நமக்கு அது எளிதாகத் தெரிகிறது என்றால், யாரோ நமக்காகச் செய்து பார்த்துவிட்டார்கள் என்று பொருள். ‘எல்லாம் அப்பவே இருந்தது’ என்ற பெருமிதத்தில் காணாமல் போவது இந்த உழைப்புதான். 1,600 ஆண்டுகளாக அந்த வரி நூலில் இருந்தது. லி ஷிஜென் அதை எடுத்து எழுதினார், அவரைப் பார்த்துப் பலர் எழுதினார்கள். பிரதிகள் பெருகின. பின்னாளைய வைத்தியர்கள் செடியைக் கஷாயத்தில் போட்டுக் கொதிக்கவும் வைத்தார்கள். வரி அழியாமல் இருந்தது, அதைச் சுற்றி மக்கள் காய்ச்சலில் செத்துக்கொண்டும் இருந்தார்கள்.

2021 ஜூன் 30ஆம் தேதி, சீனா மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. செய்தியைப் படித்தபோது கெ ஹொங்கோ நோபல் மேடையோ என் நினைவுக்கு வரவில்லை. 191 என்ற எண்தான் வந்தது. 191 என்று ஒரு சாற்றுக்கு எண் போட்டிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன்னால் 190 எண்கள். ஒவ்வொன்றுக்கும் யாரோ இலையைக் கிள்ளி, ஊறவைத்து, வடித்து, எலிக்கு ஏற்றி, மறுநாள் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து, ‘பலன் இல்லை’ என்று எழுதி, அடுத்த குப்பியில் அடுத்த எண்ணை ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த 190இல் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் ரத்தம் சுத்தமானதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.